குதிரைப் பைத்தியமும் ஆட்டிசமும்: பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் பிறந்து, இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். என் மகளுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது அவளுக்கு 13 வயது. அதற்கு முன் ஏழு வருடங்கள் எங்கள் வீட்டில் பேச்சு, படம், புத்தகம், பொம்மை எல்லாமே குதிரைதான். ஊரிலிருந்து போனில் பேசும் அம்மாச்சி, "பொம்பளப் புள்ளைக்கு என்னடி குதிரைக் கிறுக்கு" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். இப்போது சனிக்கிழமைகளில் பக்கத்திலுள்ள குதிரை லாயத்துக்கு உதவிக்குப் போகிறேன். அங்கே வரும் தாய்மார்களும், கனடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூப்பிடும் தெரிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் மருத்துவர் இல்லை. படித்ததையும் பக்கத்தில் நின்று பார்த்ததையும் சொல்கிறேன்.

என் மகளுக்குக் குதிரை என்றால் உயிர். இது ஆட்டிசத்தின் அறிகுறியா?

குதிரைப் பிரியம் மட்டும் இருந்தால், இல்லை. பிரிட்டனில் குதிரைப் பைத்தியம் பிடித்த பெண் பிள்ளை இல்லாத வகுப்பே அநேகமாகக் கிடையாது. பிள்ளைகளுக்குச் சவாரி பழக்கும் போனி கிளப் இங்கே 1929-இல் தொடங்கியது. மட்டக்குதிரையும் சிறுமியும் வரும் கதைப் புத்தகங்களுக்கு நூலகத்தில் தனி அலமாரியே இருக்கும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஸ்வீடன் போன்ற நாடுகளிலும் சவாரிப் பள்ளிக்குள் நுழைந்தால் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் கண்ணில் படுவார்கள். இத்தனை பேருக்கும் பொதுவான ஓர் ஆசையை வைத்து யாருக்கு ஆட்டிசம் என்று பிரிக்க முடியாது.

பெண் என்றால் குதிரை என்பதும் இயற்கை எழுதிவைத்த விதி இல்லை. குதிரை நெடுங்காலம் படைவீரனின் சொத்து. குதிரையைச் சொன்னபடி நேர்த்தியாக நடக்கவைத்துக் காட்டும் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜ் போட்டியில் பெண்களைச் சேர்த்ததே 1952-இல்தான். குதிரைகள் படையையும் வயலையும் விட்டுப் பொழுதுபோக்குக்கு வந்த பிறகுதான் லாயங்கள் பெண் பிள்ளைகளால் நிறைந்தன. அந்தச் சமூகத்தில் வளரும் ஆட்டிசப் பெண் குழந்தைக்கும் அதே குதிரைதான் கண்ணில் படுகிறது.

பிறகு ஏன் குதிரையையும் ஆட்டிசத்தையும் சேர்த்துப் பேசுகிறார்கள்?

ஆட்டிசம் பற்றிய அறிவு ஆண் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தது. மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி 1943-இல் எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகள். அவர்களில் 8 பேர் பையன்கள். அடுத்த ஆண்டு ஹான்ஸ் அஸ்பெர்கர் என்ற மருத்துவர் விவரித்த நான்கு பேரும் பையன்களே. அதனால் ஆட்டிசக் குழந்தை என்றதும் ரயில் கால அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கும் பையன் எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டான். 2001-இல் வெளியான ஆட்டிசக் குணநிலை வினாத்தாளில், தகவல் சேகரிக்கும் பழக்கத்துக்கு உதாரணமாகக் கொடுத்தவை கார், பறவை, ரயில், தாவரம். குதிரை மேல் உயிராக இருக்கும் சிறுமி அந்த உதாரணங்களில் தன்னைக் காண மாட்டாள்.

நான்கு பையன்களுக்கு ஒரு பெண் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு அலசல் ஒன்று, உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பதை ஒட்டியே இருக்கும் என்றும், பெண் பிள்ளைகள் பலர் கண்டுபிடிக்கப்படாமல் விடுபடுகிறார்கள் என்றும் சொன்னது. எதனால் விடுபடுகிறார்கள் என்று தேடியபோது கிடைத்த காரணங்களில் ஒன்று, அவர்களுடைய ஈடுபாடு ஊரோடு ஒத்துப்போவது. பூனை, கதைப் புத்தகம், ஒரு பாடகர், குதிரை. பார்க்கிறவர் "பெண் பிள்ளைதானே, ஆசைப்படுகிறாள்" என்று நகர்ந்துவிடுகிறார்.

மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே குதிரை இருக்கிறதாமே?

ஆமாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5-டிஆர் என்ற கையேட்டில், பெண்களிடம் ஆட்டிசம் எப்படித் தெரியும் என்று விளக்கும் இடத்தில் குதிரை ஓர் உதாரணமாக வருகிறது. ஆட்டிசம் உள்ள பெண்களின் ஈடுபாடு ஒரு பாடகர், நடிகர் என்று மனிதர்களைச் சுற்றியோ, குதிரை போன்ற சாதாரண விஷயத்தைச் சுற்றியோ இருக்கலாம்; வழக்கத்தை மீறியது அதன் தீவிரம்தான் என்பது அங்கே உள்ள கருத்து. குதிரையை அது "சாதாரண" வரிசையில்தான் வைக்கிறது. இது ஊரார் ஆசைதானே என்று கடந்துபோய்விடாதீர்கள் என மருத்துவரை எச்சரிக்கும் வரி அது. குதிரை பிடித்தால் ஆட்டிசம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

அதே கையேட்டின்படி, ஆட்டிசம் என்று சொல்லப் பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் மூன்று வகைச் சிரமங்கள் இருக்க வேண்டும், மூன்றுமே. அதோடு திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், மாற்றம் தாங்காமை, மிகத் தீவிரமான ஈடுபாடு, ஒலி, தொடுகை போன்றவற்றில் கூடுதல் அல்லது குறைந்த உணர்வு என்ற நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் குதிரை ஒரு சின்னத் துண்டு.

சும்மா ஆசையா, ஆட்டிச ஈடுபாடா, எப்படித் தெரிந்துகொள்வது?

எங்கள் லாயத்தில் என் மகளோடு இன்னொரு சிறுமியும் வந்தாள். இருவருக்கும் அப்போது 9 வயது, இருவருக்கும் பிஸ்கட் என்ற செவலை மட்டக்குதிரைதான் வேண்டும். இரண்டு பேருமே மழையில் நனைந்துகொண்டு சாணம் அள்ளத் தயார். தூரத்திலிருந்து பார்த்தால் எது யார் பிள்ளை என்றுகூடத் தெரியாது.

கிட்டே போனால் தெரியும். அந்தச் சிறுமிக்குக் குதிரை ஒரு சாக்கு. அதை வைத்து மற்ற பிள்ளைகளோடு சேருவாள், போட்டியில் ரிப்பன் வாங்குவாள், திரும்பி வரும் வழியில் காரில் வேறு பத்து விஷயம் பேசுவாள். என் மகள் வந்ததும் யாரிடமும் பேசாமல் நேராகத் தேய்ப்பான் பெட்டியை எடுப்பாள். முதலில் ரப்பர் சீப்பு, அப்புறம் முரட்டு பிரஷ், கடைசியில் மெத்தென்ற பிரஷ். குதிரையின் இடப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். நான்கு குளம்பையும் கொக்கியால் சுரண்டிச் சுத்தம் செய்யும் வரிசையும் மாறாது. ஒருநாள் யாரோ மெத்தென்ற பிரஷை எடுத்துப் போய்விட்டார்கள். அவள் சத்தம் போடவில்லை. கையில் முரட்டு பிரஷோடு அப்படியே இருபது நிமிடம் நின்றாள். அன்றைக்குச் சவாரி கிடையாது. வீட்டுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள்.

இன்னொன்று. குதிரையின் உயரத்தை இங்கே கைக்கணக்கில் சொல்வார்கள். ஒரு கை என்றால் 4 அங்குலம். 14 கை 2 அங்குலத்தைத் தாண்டினால் அது மட்டக்குதிரைக் கணக்கில் சேராது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் அத்தனை பேரிடமும் அவள் இதைச் சொல்வாள். அவர்கள் தலையாட்டி, வாட்சைப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் வாசலில் நின்று சொல்வாள். அவர்கள் கிளம்ப நினைப்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சிறுமியும் இதே கணக்கை ஒப்பிப்பாள்; ஆனால் எதிரில் இருப்பவர் முகம் மாறியதும் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆக, கவனிக்க வேண்டியது குதிரையை அல்ல, அதைச் சுற்றியுள்ள வாழ்க்கையை. குதிரை இல்லாத நேரத்தில் உங்கள் பிள்ளை எப்படி இருக்கிறாள்? திட்டம் மாறினால் என்ன ஆகிறது? சட்டையின் லேபிள், மிக்ஸி சத்தம், சாப்பாட்டின் வழவழப்பு இவை அவளைப் படுத்துகின்றனவா? தோழிகள் இருக்கிறார்களா, இல்லை தோழிகளின் ஓரத்தில் நிற்கிறாளா? எனக்கு உண்மையில் விடை கொடுத்தவை இந்தக் கேள்விகள்தான்.

ஏன் குறிப்பாகக் குதிரை?

நாய், பூனை, முயலிடம் இதே ஈடுபாடு வைக்கும் பிள்ளைகளும் நிறைய. ஆனால் குதிரையிடம் சில குணங்கள் உண்டு.

அது உடம்பால் பேசும், உடம்பைப் படிக்கும். நூறு வருடத்துக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே திரண்டது. கேள்விக்குக் காலால் தட்டி விடை சொல்லும். 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். சரியான எண் வரும்போது கேட்பவரின் தலையும் உடம்பும் அவரே அறியாமல் நூலளவு அசையும். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். கணக்குத் தெரியாவிட்டாலும், மனிதர்கள் யாருமே கவனிக்காத ஒன்றைக் கவனித்த அந்தக் குதிரையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

பதிலுக்குக் குதிரையும் எதையும் ஒளிக்காது. காது முன்னால் திரும்பினால் ஆர்வம். தலையோடு படிந்து பின்னால் போனால் கோபம், தள்ளி நில். உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு மனத்தில் வருத்தப்படும் மனிதர்களோடு நாள் முழுக்கத் திணறிவிட்டு வரும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு! கண்ணுக்குள் பார்த்துப் பேசு என்று குதிரை கேட்பதில்லை. எதிரே நின்று முறைக்காமல் தோள்பக்கமாக வருவதுதான் அதற்கே பிடிக்கும்.

லாயத்து வேலையும் மாறாத ஒழுங்கு. தீவனம், தண்ணீர், படுக்கை வைக்கோல், சேணம், கடிவாளம், ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு, இடம் உண்டு. நடக்கும் குதிரையின் தாளம் உடம்பு முழுவதும் இறங்கும். மோனோட்ரோபிசம் என்றொரு கருத்தை டைனா மரேயும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் 2005-இல் எழுதினார்கள்: ஆட்டிசம் உள்ளவரின் கவனம் பல திசையில் சிதறாமல் ஒரே வாய்க்காலில் வேகமாக ஓடும். அப்படி ஓடும் கவனத்துக்குக் குதிரை நல்ல ஆழமான வாய்க்கால். இனம், நிறம், எலும்பு, நோய், தீவனம், வம்சாவளி என்று தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கும்.

ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் என்ற பெண்மணியின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1947-இல் பாஸ்டனில் பிறந்தவர், மூன்றரை வயது வரை பேசவில்லை. உறைவிடப் பள்ளியில் படித்த காலத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியவற்றில் அங்கிருந்த குதிரைகளுக்குப் பெரிய பங்கு. பிறகு கால்நடைகளை அச்சுறுத்தாமல் கையாளும் பட்டிகளை வடிவமைத்து, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

குதிரையிடம் இவ்வளவு பாசம் காட்டுகிறாள். ஆட்டிசம் என்றால் பாசம், பரிவு இருக்காது என்கிறார்களே?

அது தவறு, பல குடும்பங்களைப் புண்படுத்திய தவறும்கூட. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் எழுதினார்: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியாதது போலவே மற்றவருக்கும் இவரைப் புரிவதில்லை. பிஸ்கட்டுக்கு வயிற்று வலி வந்த இரவு, அது நிற்கும் விதம் சரியில்லை என்று முதலில் சொன்னவள் என் மகள். பயிற்சியாளருக்கே அப்போது தெரியவில்லை.

பள்ளியில் எந்தப் புகாரும் இல்லை. நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்கிறார் டீச்சர்.

எனக்கும் ஒவ்வொரு வருடமும் இதையேதான் சொன்னார்கள். பெண் பிள்ளைகள் பலர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே நடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எப்போது சிரிக்க வேண்டும், முடியை எப்படிக் கட்ட வேண்டும், என்ன கேள்வி கேட்டால் பேச்சு நீளும், எல்லாம் மனப்பாடம். இந்த மறைப்பை அளக்கவே 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை 2019-இல் வெளியிட்டார்கள், அது பெரியவர்களுக்கானது. பள்ளி முடியும் வரை அடக்கி வைத்ததெல்லாம் வீட்டு வாசலைத் தாண்டியதும் கொட்டும். பள்ளியில் தேவதை, வீட்டில் சூறாவளி என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னால், தயவுசெய்து அதை வளர்ப்புக் கோளாறு என்று தள்ளாதீர்கள். பலருக்கு இந்தக் களைப்பு பதின்ம வயதில் பதற்றமாகவோ சாப்பாட்டுப் பிரச்சினையாகவோ வெளிப்பட்ட பிறகே அடியில் இருந்த ஆட்டிசம் தெரியவருகிறது.

குதிரைப் பேச்சைக் குறைக்கச் சொல்லலாமா?

நான் அதைச் செய்தேன். அவளுக்கு 10 வயது இருக்கும்போது குதிரைப் பொம்மைகள் முப்பதையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றினேன். படிப்பு கெடுகிறதே என்ற பயம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பேச்சே குறைந்துபோனது. மூன்று வாரம் கழித்து நானே ஏணி வைத்து இறக்கினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, உயர வரிசையில் சன்னலோரம் நிறுத்தி, கடைசிக் குதிரையை வைத்ததும் "அம்மா" என்றாள்.

எனவே பிடுங்காதீர்கள். அதை வைத்து வழி போடுங்கள். என் மகள் பின்னக் கணக்கைக் கற்றது தீவன அளவில். வரலாறு படித்தது குதிரைப்படை வழியாக. கிராண்டினின் பிடிவாத ஈடுபாடுகளைக் குறையாகப் பார்க்காமல் அறிவியலுக்குத் திருப்பிவிட்டவர் அவருடைய ஆசிரியர் வில்லியம் கார்லாக். தூக்கம், சாப்பாடு, குளியல் கெடும் அளவுக்குப் போனால் எல்லை வேண்டும்தான். அந்த எல்லையை முன்கூட்டியே, கடிகாரத்தைக் காட்டிச் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள்.

குதிரைச் சவாரி ஆட்டிசத்தைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. ஆட்டிசம் குணப்படுத்த வேண்டிய நோயும் இல்லை. உதவுமா என்றால், சிலருக்கு உதவும். அமெரிக்காவில் 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பிள்ளைகளோடு நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு பாதிக்குப் பத்து வாரம் சவாரி. இன்னொரு பாதிக்கு லாயத்திலேயே, ஆனால் உயிருள்ள குதிரை இல்லாமல் பாடம். சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன, பேசும் சொற்கள் கூடின. நல்ல செய்தி, ஆனால் அதிசயம் இல்லை. "பத்து வகுப்பில் ஆட்டிசம் போய்விடும்" என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். குதிரை பிடிக்காத, அதன் வாசனை தாங்காத பிள்ளையை ஏற்றி உட்காரவைப்பதும் வேண்டாம். தலைக்கவசம் இல்லாமல் ஏற்றும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

பையன்களுக்கு?

அவர்களுக்கும் குதிரை பிடிக்கலாம். வேறுபாடெல்லாம் சராசரிக் கணக்கு. உங்கள் பிள்ளை சராசரி இல்லை.

நாங்கள் தமிழ்நாட்டில் இருக்கிறோம். இங்கே ஏது குதிரை?

ஈடுபாடு கைக்கெட்டியதைப் பிடித்துக்கொள்ளும். அங்கே அது தெருப் பூனையாக, ஒரு நடிகராக, சீரியல் பாத்திரங்களின் உறவுமுறையாக, புள்ளி பிசகாத கோலமாக இருக்கலாம். "எல்லாப் பெண் பிள்ளையும் செய்வதுதானே" என்ற வார்த்தை அங்கேயும் காத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய அளவுகோல் ஐஎஸ்ஏஏ, 40 கேள்விகள் கொண்டது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"குதிரை பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அது யார் காதிலும் ஏறாது. எப்படிப் பிடிக்கும் என்று சொல்லுங்கள். ஒரு நோட்டு போட்டு இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம், யாரோடு, தடுத்தால் என்ன, எதிரில் இருப்பவர் சலிப்பது தெரிகிறதா. மூன்று நான்கு வயதில் எப்படி இருந்தாள் என்பதற்குப் பழைய வீடியோ இருந்தால் கொண்டுபோங்கள். நான் பிரஷ் காணாமல் போன அந்த நாளை எழுதிக்கொண்டு போனேன். மதிப்பீடு செய்த அம்மையார் பேனாவை வைத்துவிட்டு, "இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். இங்கே பிரிட்டனில் குடும்ப மருத்துவர் அல்லது பள்ளி வழியாகத்தான் அனுப்புவார்கள். காத்திருப்பு பல இடங்களில் வருடக்கணக்கு. அதுவரை பள்ளியின் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளரிடம் உதவி கேளுங்கள். முடிவு வராமலே சில ஏற்பாடுகளைச் செய்ய முடியும்.

வளர்ந்ததும் இது போய்விடுமா?

சிலருக்கு வேறொன்றுக்கு மாறும். சிலருக்குத் தொழிலாகும். என் மகளுக்கு இப்போது 19. லாடம் அடிக்கும் ஒருவரிடம் தொழில் பழகுகிறாள். போன வாரம் போனில் அம்மாச்சிக்கு லாட ஆணி எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று நாற்பது நிமிடம் விளக்கினாள். அம்மாச்சி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த கால் எப்ப சொல்லுவ?" என்றார்.